மூன்று இருபதுக்குச் சாத்திய கதவு

பிற்பகல் மூன்று இருபதுக்கு லாத்தா அந்த அறையின் கதவைச் சாத்தித் தாழிட்டார். எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான். தண்ணீர் படாமலிருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்ததால் நேரம் நினைவிருக்கிறது. மகள் டியூஷன் முடிந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் கவலைகள் அப்படித்தான், இடம் பார்த்து வருவதில்லை.

அது எதிர் வரிசை அக்காவின் வீடு. பின்பக்கம் துணி துவைக்கும் அறை. நடுவில் போட்ட பலகையில் அக்கா படுத்திருந்தார். நீண்ட நாள் சிறுநீரக நோய். அன்று காலை மருத்துவமனையில் உயிர் பிரிந்து, மதியம் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். லாத்தா தலைத்துணியைப் பின்னால் தள்ளிச் செருகிக்கொண்டு "பிஸ்மில்லா" என்றார். பிறகு இறந்தவரின் காதருகே குனிந்து, "கையக் கொஞ்சம் தூக்கறேன்மா. தண்ணி சில்லுன்னுதான் இருக்கும், பொறுத்துக்க" என்றார்.

அக்கா இந்து. லாத்தாவும் நானும் முஸ்லிம்கள். மூன்று வீட்டிலும் பேச்சு தமிழ்.

பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான். எங்களவர்கள் மூத்த சகோதரியை அழைக்கும் சொல் அது. மளிகைக்கடைச் சீனரும் அப்படித்தான் கூப்பிடுவார், அக்காவின் வீட்டாரும் அப்படித்தான். எங்கள் வட்டாரத்தில் ஒரு முஸ்லிம் பெண் இறந்துவிட்டால் முதல் அழைப்பு லாத்தாவுக்குப் போகும். பெண்ணைப் பெண்களே குளிப்பாட்ட வேண்டும் என்பது எங்கள் முறை. கையுறை, பஞ்சு, கற்பூரம், ரப்பர் ஏப்ரன் எல்லாம் வைத்த ஒரு துணிப்பை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. தொழுகை, நோன்பு மாதிரி அதுவும் தன்மேல் விழுந்த கடமை என்று நினைத்தார்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. குளிப்பாட்டுகிறவர், உடம்பில் கண்ட குறை எதையும் வெளியே சொல்லக் கூடாது. மற்றப் பெண்களுக்கு அந்த விதி குளிப்பாட்டி முடிந்ததும் முடிந்துவிடும். லாத்தாவுக்கு அது முடியவே முடியாது. உயிரோடு இருப்பவர்களிடமும் அதே விதிதான்.

என் மகள் சிறியவளாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்தபடியே பாவாடையை நனைத்துவிட்டாள். நான் பார்ப்பதற்குள் லாத்தா பார்த்துவிட்டார். கையிலிருந்த தண்ணீர் ஜாடியை அப்படியே அவள் மடியில் சாய்த்தார். "அலமாக், கெழவி கைய பாரு. புள்ளைய நனைச்சிட்டேன்" என்று எல்லாரும் கேட்கும்படி தன்னைத் திட்டிக்கொண்டே அவளைத் தூக்கிப் போனார். மண்டபமே லாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. என் பெண்ணை யாரும் பார்க்கவில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், எங்கள் வரிசைப் பையன் ஒருவன் காருக்குள் குனிந்துகொண்டு நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தான். லாத்தாவும் நானும் அந்த வழியாக நடந்து வந்தோம். எதிரே பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். லாத்தா கார்க் கண்ணாடிக்கு நேராக நின்று, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவர்களிடம் வடிகால் அடைத்துக்கொண்டதைப் பற்றி முறையிடத் தொடங்கினார். அவர்கள் போகும்வரை விடவில்லை. போன பிறகு கண்ணாடியைத் தட்டி, "தண்ணியக் குடிச்சிட்டுத் தின்னு, விக்கிக்கப் போகுது" என்றார். அந்தப் பையன் முகத்தில் ஓடிய சிவப்பை நான் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நோன்பில் லாத்தாவுக்குக் கஞ்சிப் பானை தூக்கியவன் அவன்தான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. அவரோடு பழகுவது அவ்வளவு எளிதல்ல.

என் மகள் பன்னிரண்டு வயதில் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் ஏறிப் போய் விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். லாத்தா வீட்டில் மருந்து போட்டுக்கொண்டு, பள்ளியில் விழுந்ததாக என்னிடம் சொல்லிவிட்டாள். பல மாதம் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. நேராகப் போய் சண்டை போட்டேன்.

"பெத்தவகிட்ட மறைக்கலாமா லாத்தா?"

"அவளே உங்கிட்ட சொல்றேன்னு சொன்னா. அவ சொல்றதுக்கு எடம் விட்டேன்."

"அவ சொல்லலையே."

"அப்ப அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. நடுவுல நான் யாரு?"

மறுபடி பேசுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. கோலாலம்பூரிலிருக்கும் அவர் மகன் ஒருமுறை என்னிடம், "அம்மாகிட்ட ஒரு விஷயம் போச்சுன்னா கெணத்துல போட்ட கல்லு, அக்கா. எங்க அத்தா ஏன் கடைய வித்தாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் அடிக்கடி வருவதில்லை.

எதிர் வரிசை அக்காவின் வீடு லாத்தாவின் மூலை வீட்டிலிருந்து மூன்றாவது. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே சந்து. நோன்புக் காலத்தில் வெள்ளிக்கிழமை வந்தால், இறைச்சி போடுவதற்கு முன்பே லாத்தா அக்காவுக்கென்று கஞ்சியை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை அக்கா சைவம். அந்தப் பாத்திரம் முறுக்கோ சீனியோ இல்லாமல் திரும்பி வராது. அக்காவின் ஒரே மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பள்ளிப் பேருந்து, ஒரே சிரிப்பு. அக்கா அதிகம் பேசமாட்டார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்திருப்பார். அவருடைய வீட்டுக்காரர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்பவர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர்.

அக்காவின் உடல் வந்த அன்று மதியம் லாத்தா அந்த வீட்டுக்குள் போய் அவரிடம் இதைத்தான் சொன்னார். "எனக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் குளிப்பாட்டணும், வேற யாரும் வேணாம்னு உங்க சம்சாரம் எங்கிட்ட கேட்டிருக்கு, தம்பி. உங்களுக்குச் சம்மதம்னா செய்யறேன்."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செஞ்சிடுங்க லாத்தா" என்றார். அதை அப்போது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டில் வளர்ந்தவர் லாத்தா. அவர் அத்தா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். லயத்து வீடுகளிலிருந்த இந்துப் பெண்கள் தங்கள் வீட்டு இறந்தவரைக் குளிப்பாட்டுவதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறார். அதனால் மஞ்சள், சீயக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். உதவிக்கு என்னை அழைத்தார். பிறகுதான் கதவைச் சாத்தினார்.

உடம்பைத் திருப்பியபோது பார்த்தேன். அக்கா உயிரோடு இருந்தவரை யாருக்கும் காட்டாதது அங்கே இருந்தது. நோய் செய்தது அல்ல. ஒரு நாளில் நடந்ததும் அல்ல. இதற்கு மேல் இங்கேயும் எழுத மாட்டேன். என் கையிலிருந்த குவளை தரையில் விழுந்தது. லாத்தா அதை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தார்.

"இந்த ரூம்புல பாத்தது இந்த ரூம்போட. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

பாதியில் கதவு தட்டப்பட்டது. பொந்தியானிலிருந்து வீட்டுக்காரரின் தமக்கை வந்து சேர்ந்திருந்தார். உறவுப் பெண்கள் கூடி நின்று எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவதுதான் அவர்கள் முறை. அவருக்கு அந்த உரிமை இருந்தது.

"யாரு உள்ள? தொறங்க. நான் எண்ண வைக்கணும்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. முடிச்சிட்டுத் தொறக்கறேன்" என்றார் லாத்தா. கை நிற்கவில்லை. மெல்லிய குரலில் அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தார். "இந்தப் பக்கம் திரும்பறோம்மா. அவ்வளவுதான். தலைய நனைக்கறேன்." அந்த முணுமுணுப்பு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஒவ்வொரு புதுக் குவளைக்கும் சொன்ன பிஸ்மில்லாவும் கேட்டிருக்கும்.

கழுத்துவரை மூடிய ரவிக்கை போட்டு, சேலை சுற்றி, நெற்றியில் குங்குமத்தை என்னை வைக்கச் சொல்லாமல் தானே வைத்துவிட்டு, லாத்தா கதவைத் திறந்தார். வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்தார். "நல்லபடியா முடிஞ்சிச்சு தம்பி" என்று எப்போதும் பேசும் குரலில் சொன்னார். என்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொள்வதற்குள் தாமான் முழுக்கப் பேச்சாகிவிட்டது. உள்ளே ஓதியிருக்கிறார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு இறந்தவளை மதம் மாற்றியிருக்கிறார்கள். எந்த நேரமும் இஸ்லாமியச் சமய இலாகாவிலிருந்து ஆள் வந்து, முஸ்லிமாக அடக்கம் செய்ய உடலைக் கேட்பார்கள். இந்த நாட்டில் அந்தப் பயம் ஒரு தமிழ் இந்துக் குடும்பத்துக்கு எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். எங்கோ யாருக்கோ நடந்ததாக ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார்கள். மறுநாள் காலை என்றிருந்த தகனத்தை அன்று மாலைக்கே மாற்றி, மின்சுடலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அந்த மாற்றத்தை வீட்டுக்காரரும் எதிர்க்கவில்லை.

அக்காவின் அண்ணன் சுங்கை பட்டாணியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வடக்கிலிருந்து தெற்குக் கோடிவரை காரோட்டிக்கொண்டு, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். அதைத் தங்கையின் மேல் போர்த்துவது அவர் செய்ய வேண்டிய கடைசிக் கடமை. வந்தபோது வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. தங்கையின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, பிரிக்காத அந்தச் சேலைப் பொட்டலத்தோடு அவர் லாத்தாவின் வேலிக்கதவுக்கு முன்னால் வந்து நின்றார். நான் ஓடிப்போனேன்.

"உள்ள என்ன செஞ்சீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"உங்க தங்கச்சியக் குளிப்பாட்டினேன் தம்பி."

"ஓதினீங்களா?"

"பிஸ்மில்லா சொன்னேன். அது சொல்லாம நான் அடுப்புகூடப் பத்தவைக்க மாட்டேன். வேற எதுவும் ஓதல."

"அப்பறம் ஏன் கதவ சாத்தினீங்க?"

அக்காவின் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், லாத்தா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். குற்றவாளி நிற்பது போலத்தான் இருந்தது. கடைசியில் அவர், "ஒங்க சாமி ஒங்கள மன்னிக்கட்டும், நான் மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட நின்ற பெண்கள் துப்பவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஜமாத்திலிருந்து ஒருவர் வந்து, குரலை உயர்த்தாமல், காபிரான ஒரு பெண்ணைக் குளிப்பாட்டப் போனதே கேள்விக்குரியது என்றார்.

"நம்ம முறையில செய்யல தம்பி. அவங்க முறையில மஞ்ச பூசித்தான் குளிப்பாட்டினேன்."

"அது இன்னும் மோசம், லாத்தா."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு லாத்தா ஓதிவிட்டார், இவர்களுக்கு லாத்தா பூசை செய்துவிட்டார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "வாயத் தொறந்து சொன்னா என்ன லாத்தா? ஏன் சாத்தினோம்னு சொல்லிட்டா எல்லாம் அடங்கிடும்ல?"

"எல்லாம் அடங்கும். அவ மட்டும் எந்திரிச்சு உக்காந்துடுவா. சாகற வரைக்கும் முழுக்கை போட்டு மறைச்சாளே, அத நான் நாலு பேர்கிட்ட அவுத்துக் காட்டணுமா?"

"அப்ப அவன்? அவனையும் சேத்து மறைச்சிட்டோமே."

லாத்தா சொன்னார். "நான் அவளத்தான் குளிப்பாட்டினேன். அவன அல்லா பாத்துக்குவான்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. என் மார்க்கத்தில் சாந்தி என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். சலாம் சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறோம். அது யாருடைய வாயை மூடிக் கிடைக்கும் சாந்தி என்று அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். சத்தியம் செய்துவிட்டேன் என்பதற்காக நானும் எதிர் வரிசையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிகிறதா, சத்தம் கேட்கிறதா, அவள் பள்ளிக்குக் கிளம்பினாளா என்று பார்ப்பேன். பார்த்ததற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவள் என் மகளோடு பேசுவதை நிறுத்தினாள். பேருந்தில் தள்ளி உட்கார்ந்தாள். என் மகள் அழுதுகொண்டே வந்து கேட்டாள்.

"உள்ள என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. குளிப்பாட்டினோம்."

"ஒண்ணுமில்லன்னா சொல்லலாம்ல. சொல்ல மாட்டேங்கிறன்னா ஏதோ இருக்கு."

அதன் பிறகு அவளும் தன் விஷயங்களை என்னிடம் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறாள். கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை நல்ல பையன் என்கிறார்கள். நல்ல மனிதர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், காரணமே இல்லாமல் கையைப் பிடித்துத் துணியை மேலே தள்ளிப் பார்க்கிறேன். "என்னம்மா இது, செக்கிங்கா?" என்று எரிச்சல்படுகிறாள்.

பரீட்சை முடிந்ததும் அக்காவின் மகளை அவள் மாமா வந்து சுங்கை பட்டாணிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தாய் செத்த வீட்டில், அந்தக் கிழவி இருக்கும் தெருவில், பெண்ணை எப்படி விட்டு வைப்பது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். லாத்தாவின் காதிலும் அது விழுந்தது. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வீடும் கைமாறியது. அந்த மனிதர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

லாத்தாவை அதற்குப் பிறகு யாரும் குளிப்பாட்ட அழைக்கவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. தானாகவே மாசாயிலிருந்து வேறொரு பெண் வரத் தொடங்கினார். லாத்தாவோடு சிறு வயதிலிருந்து பழகிய தோழி இறந்தபோதும் மாசாய்ப் பெண்தான் வந்தார். லாத்தா எல்லாரோடும் கூடத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபோது அவர் கை மடியில் தானாக அசைந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னால் அந்தப் பை அப்படியே தொங்கும். பஞ்சை மட்டும் அவ்வப்போது மாற்றி வைப்பார்.

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான் இருந்தார். சர்க்கரை நோயில் காலில் வந்த புண்ணைக் காலுறைக்குள் மறைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். "குளிருது, அதான் போட்டிருக்கேன்" என்றார். ஜொகூரில் யாருக்குக் குளிர்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது விஷம் மேலே ஏறிவிட்டிருந்தது.

போன மாதம் இறந்தார். மகன் வந்து எல்லா ஏற்பாடும் செய்தான். மாசாய்ப் பெண் வந்தார். லாத்தாவின் பையைக் கொக்கியிலிருந்து எடுத்து நான்தான் அவரிடம் கொடுத்தேன். "நீங்களும் உள்ள வாங்க, ஒரு ஆள் பத்தல" என்றார் அவர். குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தப் போனேன். கூடத்திலிருந்த பெண்கள் திடீரென்று வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

நெற்றியில் பொட்டு. கையில் பயணப் பை. அக்காவின் மகள் வளர்ந்திருந்தாள், ஆனால் அம்மாவின் அதே நடை. என் மகள் அவளுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. நேராக என்னிடம் வந்தாள்.

"சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறேன் ஆன்ட்டி."

நான் விலகி நின்றேன். அவள் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். லாத்தாவின் கால் புண்ணின்மேல் மாசாய்ப் பெண் ஏற்கெனவே துணியைப் போட்டு மறைத்திருந்தார்.

"அம்மா ஒடம்புல இருந்தது எனக்குத் தெரியும் ஆன்ட்டி. சின்ன வயசிலேயே தெரியும்" என்றாள். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது, அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அம்மா போனப்பறம், அப்பா நைட் ஷிஃப்ட் வேலைக்குக் கிளம்பற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். சந்து வழியா வருவேன். எனக்காகப் பின்கதவ லாத்தா தாப்பாளே போட மாட்டாங்க. என்ன கூட்டிட்டுப் போகச் சொல்லி மாமாவுக்கு ஃபோன் போட வச்சதும் லாத்தாதான். தன் பேரு எங்கயும் வரக் கூடாதுன்னாங்க. வரல. மாமா இன்னிக்கு வரைக்கும் இவங்களத் திட்டறாரு, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்."

மாசாய்ப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"அத்தன நாளும் பின்கதவாலதான் வந்துட்டுப் போனேன் ஆன்ட்டி. இன்னிக்குத்தான் முன்வாசல்ல வர்றேன்."